மறுவீட்டுக் குட்டி

சீவலப்பேரி சுடலைக்கண்ணு தன் வீட்டு நாய்களையெல்லாம் ஒரே சாக்கில் கட்டி ஆற்றில் போட்டுவிட்டார் என்று எனக்குச் சொன்னவள் என் பெரியம்மா. அவளுக்குச் சொன்னவர் பால்காரர். பால்காரரும் கண்ணால் பார்க்கவில்லை. முக்கூடல் பஸ்ஸில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டாராம்.

"அத்தனையுமா பெரியம்மா?"

"அத்தனையுந்தானாம். நாய்க்கு நடுக்கம் வந்திருக்காம். மனுசருக்கும் தொத்தும்னு சொல்லுதாவ. மக இசக்கி பேறுகாலத்துக்கு வரப்போறா பாரு, அந்தப் பயத்துல போட்டுட்டாராம். நீ லீவுக்கு வந்தா அங்கன போயிராத, கேட்டியா?"

ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டு இதைக் கேட்டேன். வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஊர்ச் செய்தி எதுவும் முழுசாக வந்து சேருவதில்லை. பாதி வருகிறது, மீதியைப் பயத்தைக் கொண்டு நாமே நிரப்பிக்கொள்கிறோம். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சுடலைக்கண்ணு எங்கள் தெருக்காரர். ரத்த உறவு கிடையாது, ஆனால் பிறந்ததிலிருந்து சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். ஒரு நாய்க்குக் காலில் முள் குத்தினால் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற மனிதர். அவர் சாக்கில் கட்டினார் என்றால் ஒன்று அது பொய்யாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

ஊருக்கு வந்த மறுநாள் காலையிலேயே போனேன். வாசலில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. சங்கிலி என்ற கடுவன், மயிலி என்ற பெட்டை. இரண்டும் கன்னி என்கிற நாட்டு வேட்டைநாய் இனம். கரிய உடம்பும் கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டும், ஒட்டிய வயிறும் நீண்ட காலும். என்னைப் பார்த்து எழுந்து நின்றன, குரைக்கவில்லை.

"என்னலே, எப்ப வந்த?" உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "பெரியம்மா விட்டாளா? நான் நாயக் கொன்ன பயல்லா!"

அவர் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். ஊருக்கு வெளியே ஆற்றுக்குள் இருக்கிற குடிநீர்க் கிணற்று நீரேற்று நிலையத்தில் வாழ்நாள் முழுக்க மோட்டார் ஓட்டியவர். அந்த இரைச்சலில் ஒரு காது போய்விட்டது. ஓய்வுபெற்ற பிறகும் ஒவ்வொரு வார்த்தையையும் மோட்டாருக்கு மேலே கேட்க வேண்டும் என்பதுபோலப் பேசுவார். ரகசியம் பேசத் தெரியாது. மகள் இசக்கி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி சண்முகத்தாய் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு சமையல், துணி, மகளுக்குத் தலைபின்னல் என்று எல்லாவற்றையும் இவரே கற்றுக்கொண்டார். "பின்னலு கோணிப்போச்சு யப்பா" என்று இசக்கி கத்துவதும், "கோணட்டும், பஸ்ஸு போயிரும், ஓடு" என்று இவர் கத்துவதும் தெரு முழுக்கக் கேட்கும்.

அன்று என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். புதிதாக ஒரு குளியலறை கட்டியிருந்தார். உட்காருகிற மாதிரிக் கழிப்பறை, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, வழுக்காத தரை, வெந்நீர் வருகிற குழாய். இசக்கி முக்கூடலில் வாழ்க்கைப்பட்டு மூன்றாம் வருஷம் இப்போதுதான் உண்டாகியிருந்தாள், ஏழாம் மாதம். சீமந்தம் முடிந்ததும் கூட்டிவந்துவிடலாம் என்பதற்காக இந்தக் கட்டுமானம்.

"அவ ஆத்தா இருந்தா இதெல்லாம் வேண்டாம். நான் ஆம்பள, ராத்திரி விழுந்து கெடந்தாத் தூக்க முடியுமா? அதான் கம்பி வச்சேன். இழுத்துப் பாரு, ஆடுதான்னு."

இழுத்துப் பார்த்தேன். ஆடவில்லை.

"குட்டி செத்தது நெசம்" என்றார் அப்போது. "மத்தது பொய்யி. சாக்குல கொண்டு போயி மணல்ல புதைச்சேன். எவனோ பாத்திருக்கான்."

எந்தக் குட்டி என்று புரிய வேண்டுமானால் கன்னி நாய் வளர்க்கிற குடும்பங்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் கன்னி நாயை விற்க மாட்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீரோடு ஒரு பெட்டைக் குட்டியும் போகும். பாத்திரத்தைப் போல அதையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள்; மாமியார் முதல் சோறு வைப்பாள். அந்தக் குட்டி வளர்ந்தால் இணை சேர்க்கத் தாய்வீட்டுக் கடுவனிடம்தான் கொண்டுவர வேண்டும். முதல் ஈற்றில் ஒரு பெட்டைக் குட்டி, கல்யாணப் பெண் மறுவீடு வருவதைப் போல, பூ வைத்து, பொட்டு வைத்து, தாய்வீட்டுக்குத் திரும்பி வரும். அதுதான் மறுவீட்டுக் குட்டி. மறுவீட்டுக் குட்டி வராத வீட்டில் சம்பந்தம் கசந்துவிட்டது என்று அர்த்தம். மயிலியே அப்படி ஒரு காலத்தில் திரும்பி வந்த குட்டிதான்.

இசக்கியோடு முக்கூடலுக்குப் போனது தாரா. சங்கிலிக்கும் மயிலிக்கும் பிறந்தது. வழக்கப்படி அதைச் சங்கிலியிடமே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஈற்று முக்கூடலில் நடந்தது. மறுவீட்டுக் குட்டியை மருமகன் அணஞ்சபெருமாள் மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இசக்கியே வந்ததுபோல இவருக்குச் சந்தோஷம். சில நாளில் குட்டியின் தலை ஆட ஆரம்பித்தது. பாலைக் குடிக்கக் குனிந்தால் மூக்கு கிண்ணத்துக்குப் பக்கத்தில் இடிக்கும். நடந்தால் பின்னங்கால் ஒரு பக்கமும் முன்னங்கால் ஒரு பக்கமும் போகும். முக்கூடலிலும் ஒரு குட்டி அப்படியே ஆடிச் செத்தது என்று இசக்கி போனில் சொன்னாள்.

குட்டியை ஒரு நார்ப்பெட்டியில் வைத்து டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு எடுத்துப் போயிருக்கிறார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்த கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, குட்டி காலையிலயே தண்ணி போட்டிருக்கா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்ததாம். "நானும் சிரிச்சேன்லே" என்றார் என்னிடம். "என்ன செய்யச் சொல்லுத, பின்ன?"

பாளையங்கோட்டையில் கால்நடை மருத்துவர் ரீபா. நாசரேத்துப் பக்கத்துப் பெண். குட்டியைத் தரையில் விட்டு நடக்கவைத்துப் பார்த்தாராம். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"குட்டிக்குத் தாய் எது அண்ணாச்சி?"

"தாரா. எம் மக வீட்டுல நிக்கி."

"தாராவுக்குத் தகப்பன்?"

"சங்கிலி."

"குட்டிக்குத் தகப்பன்?"

"சங்கிலிதான்."

"அதே சங்கிலியா?"

"ஆமா டாக்டரம்மா. எங்க தாத்தா காலத்துலருந்து வெளி ரத்தம் ஒரு சொட்டு சேரல" என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ரீபா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அவர் விளக்கியதைச் சித்தப்பா எனக்குத் தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டித் திருப்பிச் சொன்னார். உடம்பில் உள்ள ஒவ்வொரு குணமும் இரட்டையாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். நாய் சாகும்வரை நன்றாக ஓடும். இரண்டுமே பழுதாக வந்தால் சிறுமூளை மெல்லச் சுருங்கும், குட்டி ஆடும், பிழைக்காது. வெளியே கலந்துகொண்டே இருந்தால் பழுதும் பழுதும் சந்திப்பது அபூர்வம். ஒரே வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தால் சந்தித்தே தீரும். கன்னி நாய் எல்லாவற்றுக்கும் இது உண்டு என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் வீட்டுச் சுற்றில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று சொல்லி, குட்டியின் ரத்தத்தையும், மறுநாள் வீட்டுக்கே வந்து சங்கிலி, மயிலி இரண்டின் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்ததையும் பெங்களூருவில் ஓர் ஆய்வகத்துக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வருவதற்குள் குட்டி செத்துப்போனது. கடைசி நாள்களில் விரலில் பாலை நனைத்து ஊட்டியிருக்கிறார். சாக்கில் வைத்துப் புதைக்கப் போனதை எவனோ பார்த்ததுதான் முக்கூடல் பஸ்ஸில் ஏறி, பால்காரர் காதுவழியாக ஸ்டுட்கார்ட் வரைக்கும் வந்திருக்கிறது.

நான் வந்த வாரத்திலேயே முடிவு வந்தது. ரீபா போனுக்கு அனுப்பியிருந்தார். ஆங்கிலம்.

"படிலே. நீ இங்கிலீசு படிச்சவன்லா."

படித்தேன். குட்டிக்கு இரண்டும் பழுது. சங்கிலிக்கு ஒன்று. மயிலிக்கும் ஒன்று. எந்தச் சொல்லைப் போட்டுச் சொல்வது என்று திணறினேன். "சங்கிலியும் மயிலியும் சுமக்குது சித்தப்பா" என்றேன்.

"சுமக்குதுன்னா? கடுவன் எதச் சுமக்கும்லே?"

"உடம்புக்குள்ள. அதுக ரெண்டுக்கும் ஒண்ணும் செய்யாது. ஆனா சுமக்கிறதும் சுமக்கிறதும் சேந்தா, குட்டியில சிலதுக்கு ரெண்டும் பழுதா வந்துரும்."

"அப்ப தாரா?"

"தாராவும் சுமக்கும். இல்லன்னா குட்டிக்கு வந்திருக்காது."

"முக்கூடல்ல நல்லா ஓடியாடுற குட்டிக நிக்கே?"

"அதுலயும் பாதிக்கு மேல சுமக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

அவர் சங்கிலியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். சட்டென்று கையை எடுத்து, "கெட்டுதுலே" என்றார்.

முக்கூடலில் இசக்கியின் நாத்தனார் வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு வீரவநல்லூர். வடிவின் சீரில் தாராவின் பெட்டைக் குட்டி ஒன்று போகப்போகிறது. அதுவும் பரவாயில்லை, ஆனால் அந்த வீரவநல்லூர் வீட்டுக்கு எங்கள் தெருவிலிருந்து ஏற்கெனவே ஒரு பெண் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளோடு போன நாயின் வழியில் அங்கே ஒரு கடுவன் நின்றது. குட்டி வளர்ந்தால், தாய்வீட்டுக்குத் தூக்கிப் போகாமல், வீட்டிலேயே நிற்கிற அந்தக் கடுவனிடம் விட்டுவிடுவார்கள். எல்லாம் ஒரே ரத்தம்தானே என்று சந்தோஷமாக விடுவார்கள்.

"சொல்லாம இருந்தா என்ன சித்தப்பா?" என்று கேட்டேன். நான் எப்போதும் மோசமானதைத்தான் முதலில் நினைப்பவன். இதிலும் அது வந்துவிட்டது.

"வடிவு சீராக் கொண்டுபோற நாய் போடுத குட்டி ரெண்டு வருசங் கழிச்சு ஆடும். அப்ப யாரக் கேப்பான்? வடிவத்தான் கேப்பான். எம் மகள இன்னைக்குக் கேக்கான்லா, அது மாதிரி."

"இசக்கிய யாரு கேக்கா?"

"அவ சொல்லமாட்டா. கொரல்ல தெரியும்."

மருமகனுக்குப் போனில் சொல்லிவிடலாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போன்ல சொல்லுத விசயமாலே இது? குடுத்த சீரப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்னா நேர்ல போயி நிக்கணும்." போன் செய்து, ஒரு முக்கியமான விஷயம், நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். நானும் கூட வருவதாகச் சொன்னேன். அந்த இரட்டைக் கணக்கை யாராவது சந்தேகம் கேட்டால் நான் விளக்குவேன் என்பது ஏற்பாடு.

கிளம்பும்போது எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். பஸ் மாறுகிற ஜங்ஷனில் இறங்கி வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மாதுளை, பேரீச்சம்பழம், மல்லிகைப்பூ வாங்கினார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவது முறையில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. முக்கூடல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். "முதல்ல மாப்ளைகிட்டத் தனியாச் சொல்லுதேன். பொறவு அவுக அம்மாகிட்ட அவரே பையச் சொல்லட்டும். நீ குறுக்க பேசாத." முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா தணிந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

முன்னறையில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முக்கியமான விஷயம், நேரில் வருகிறேன் என்று பெண்ணின் தகப்பன் சொன்னால் அது சீமந்தத்துக்கு நாள் குறிக்கிற பேச்சுத்தான் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். சீமந்தமும் வடிவின் கல்யாணமும் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது என்பதற்காக வீரவநல்லூரிலிருந்து வடிவுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமனையும் வரவழைத்திருந்தார்கள். மாமியார் பூலம்மாள் பட்டுச் சேலை கட்டியிருந்தாள்.

"வாங்கண்ணாச்சி. ஜெர்மனிக்காரரையும் கூட்டிட்டு வந்துட்டீயளா? நாளு குறிக்கச் சாட்சி வெளிநாட்டுலருந்தா வரணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு இசக்கி நின்றாள். காலடியில் தாரா படுத்திருந்தது. தகப்பனைப் பார்த்துச் சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

சித்தப்பாவுக்குத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே நிற்க முடியாது. நடுப்பாயில் வைத்தார். அவ்வளவுதான். தாம்பூலத் தட்டை நடுவில் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு பேசுவது வீட்டுப் பேச்சு இல்லை, சபைப் பேச்சு. வைத்தவர் சொல்ல, கேட்டவர்கள் சாட்சி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தட்டு பாயைத் தொட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்தது.

"சொல்லுங்கண்ணாச்சி" என்றார் தாய்மாமன். "தை பொறந்து எந்த நாளு?"

"மாப்ளைகிட்ட ஒரு வார்த்த தனியா…"

"தட்டு வச்சாச்சு. இனி என்ன தனியா? சொல்லுங்க."

"நாளெல்லாம் பையப் பாப்போம்" என்றார் சித்தப்பா. "இப்ப வந்தது நாய் விசயமா."

"நாய்க்குமா சீமந்தம்?" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. சித்தப்பாவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சொன்னார். மோட்டாருக்கு மேலே கேட்கிற அந்தக் குரலில், அடுத்த வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திக் கேட்கும்படி, முழுக்கச் சொன்னார். ஆடின குட்டிக்கு வந்தது தொற்று இல்லை, வழிவழியாக வருவது. சங்கிலியிடம் இருக்கிறது, மயிலியிடம் இருக்கிறது, தாராவிடமும் இருக்கிறது. வடிவுக்குக் கொடுக்கிற குட்டியைச் சோதித்துவிட்டுக் கொடுங்கள். கன்னத்தில் பஞ்சைத் தேய்த்தால் போதும், வலிக்காது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பூலம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்க எங்களுக்குக் குடுத்த சீரு பழுது" என்றாள் பூலம்மாள். "அத இப்ப வந்து சபையில சொல்லுதீய."

"பழுதுன்னு இல்ல தாயி. பாத்தாத் தெரியாது. எங்களுக்கே இப்பத்தான…"

"எத்தன தலமொறையா ஆடுது?" தாய்மாமன் கேட்டார்.

"எங்கப்பா காலத்துலயும் ஒண்ணு ரெண்டு ஆடும். கண்ணு பட்டுட்டுன்னு நெனச்சோம்."

"தெரிஞ்சேதான் குடுத்திருக்கீய."

"வியாதின்னு தெரியாதுய்யா!"

நான் வாயைத் திறந்தேன். பழுது ஒன்று இருந்தால் ஒன்றும் செய்யாது, இரண்டு சேர்ந்தால்தான் என்று ஆரம்பித்தேன். தாய்மாமன் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, ஒங்க ஊர்ல நாய கட்டில்ல போட்டுப் படுப்பாவளாம். எங்களுக்கு அது வாசல்ல கெடக்கும். ஆனா பொண்ணோட வந்த நாய்னா அது வேற. பொண்ணு எப்படியோ அது அப்படி."

சித்தப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில் யாரும் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னார். "மனுசருக்கு ஒண்ணும் வராது. நாய்க்கு மட்டுந்தான். நீங்க யாரும் பயப்படாதீய."

அதுவரை அந்த அறையில் மனிதரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். பூலம்மாள் திரும்பி இசக்கியின் வயிற்றைப் பார்த்தாள். பாயில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். இசக்கி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"மாமா" என்றார் அணஞ்சபெருமாள். பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கிற, அதிகம் பேசாத பையன். "இத எங்கிட்ட மட்டும் போன்ல சொல்லியிருக்கலாம்லா?"

இசக்கி மெல்ல முன்னால் வந்து தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுக்கக் குனிந்தாள். தகப்பன் கொண்டுவந்ததை யாராவது ஒருவர் தொட்டுவிட வேண்டும் என்று நினைத்திருப்பாள். "ஏட்டி, உள்ள போ" என்றாள் பூலம்மாள். அவள் போனாள். தாராவும் எழுந்து பின்னால் போனது.

வந்த தட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு, வெறும் தட்டாக இல்லாமல் கொஞ்சம் சர்க்கரையோ பூவோ போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். பூலம்மாள் தட்டை அப்படியே எடுத்து, ஒரு வெற்றிலைகூடக் குறையாமல், சித்தப்பா கையில் கொடுத்தாள். "சீமந்தம் இங்கனயே வச்சுக்கிடுதோம். பேறுகாலமும் இங்கனயே. தாயில்லாத வீட்டுல யாரு பாப்பா? அந்த நாய்க கெடக்க வீட்டுல எம் பேரன் வந்து எறங்க வேண்டாம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் தட்டு அவர் மடியில் இருந்தது. சேரன்மகாதேவி தாண்டும்வரை சரிகிற பழத்தை நேராக வைத்துக்கொண்டே வந்தார். பிறகு, "சொல்லாம இருந்திருக்கலாமோ?" என்றார். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான்தான். தட்டு சரியாமல் நானும் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கம்பக்கத்து யாருடைய போனிலிருந்தோ இசக்கி பேசினாள். வீரவநல்லூர்க்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்களாம். "வடிவு கல்யாணம் நின்னா எந் தலையிலதான் விடியும் யப்பா. அவ ராத்திரி பகலா அழுதா. அத்த எங்கூடப் பேசல. வயித்துல பிள்ள அசைஞ்சாக்கூட, நல்லா அசையுதா, நடுங்குதான்னு கேக்காவ. எனக்கும் பயமா இருக்கு. எனக்கு ஒண்ணும் வராதுல்லா?"

"வராது தாயி! நாய்க்கு மட்டுந்தான்!" என்று இவர் கத்திய கத்தலில் மயிலி எழுந்து நின்றது. போன் அதற்குள் வைக்கப்பட்டிருந்தது.

ரீபாவிடம் போனோம். அவர் தானே முக்கூடலுக்கு வந்து அந்த அம்மாவிடம் பேசுவதாகவும், குட்டிகளைச் சோதித்து, பழுதே இல்லாத ஒன்று கிடைத்தால் அதையே சீராகக் கொடுக்கலாம் என்று எடுத்துச் சொல்வதாகவும் சொன்னார். சித்தப்பா அதை மருமகனிடம் போனில் சொன்னார். பிறகு அணஞ்சபெருமாள் சொன்னது எனக்கும் கேட்டது. போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"டாக்டரெல்லாம் வேண்டாம் மாமா. வந்தா இன்னும் நாலு பேருக்குத் தெரியும். அம்மா ஒண்ணே ஒண்ணு சொல்லுதாவ. அங்க வீட்டுல ஒரு நாயும் நிக்கப்படாதாம். எல்லாம் போயிட்டா, இசக்கிய அனுப்புறதப் பத்தி யோசிக்கலாங்காவ."

"யோசிக்கலாமா? அனுப்புதேன்னு சொன்னாவளா?"

"யோசிக்கலாம்னுதான் சொன்னாவ."

நான் வேண்டாம் என்றேன். நாய் போனாலும் பேச்சு போகாது, நாயை அனுப்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "லே, ஒனக்கு டிக்கெட் இருக்கு. நீ போயிருவ. எனக்கு அவ வரணும்" என்றார்.

ரீபாவின் அண்ணன் எபி நாசரேத்துப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். இரண்டுக்கும் கருத்தடை செய்து அங்கே வைத்துக்கொள்வதாக ரீபா ஒத்துக்கொண்டார். நேற்றுச் சாயங்காலம் எபி லோடு ஆட்டோ கொண்டுவந்தார். சங்கிலி சொன்னதும் ஏறிவிட்டது. ஏதோ பயணம் என்று நினைத்திருக்கும். மயிலி ஏறவில்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. சித்தப்பா அதைத் தூக்கி உள்ளே வைத்தார். அதன் தலையைத் தன் நல்ல காதின் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எபி பார்க்காததுபோல டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோறுல உப்புப் போடாதீங்க தம்பி" என்றார் சித்தப்பா.

ஆட்டோ போன பிறகு முற்றம் முழுவதையும் பினாயில் ஊற்றிக் கழுவினார். சங்கிலி கட்டுகிற கம்பை மண்வெட்டியால் தோண்டி எடுத்தார். என்னை வீடியோ எடுக்கச் சொன்னார். வாசல், முற்றம், பின்பக்கம், புதுக் குளியலறை, சுவர்க் கம்பி எல்லாவற்றையும் காட்டி, "பாத்துக்கிடுங்க மாப்ள, ஒண்ணும் இல்ல, எல்லாம் போயிட்டு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். மருமகனுக்கு அனுப்பினோம். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. பதில் வரவில்லை.

"இசக்கிக்குப் போடு" என்றார்.

என் போனிலிருந்து போட்டுக் கொடுத்தேன். நாற்காலியில் உட்காரவில்லை. வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு, போனை நல்ல காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

"போவுதுலே" என்றார் என்னிடம். ஏதோ நான் சொல்லப்போகிறேன் என்று நினைத்து மறு கையால் பேசாதே என்று காட்டினார். "அவ எடுத்தாக் கேக்காம போயிரும். சும்மா இரு."

சும்மா இருந்தேன். மணி போய்க்கொண்டிருந்தது.